மாதிரிக்கு என் கை

நான் மூன்றாவது படிக்கும்போது எங்கள் குப்பத்தில் ஒரு டிவி சீரியல் எடுக்க வந்தார்கள். மீனவச் சிறுமி வேஷத்துக்கு ஒரு பிள்ளை வேண்டும், ஒரே வசனம்தான் என்று மாமா வந்து சொன்னார். அவர் படகைத்தான் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். "நம்ம புள்ளதான் அக்கா, வேற யாரு இருக்கா?" என்று அம்மாவிடம் குதித்தார்.

மீனவப் பிள்ளையாக நடிக்க மீனவப் பிள்ளையைத்தானே எடுப்பார்கள் என்று நம்பினோம். முட்டாள்கள்.

அம்மா என் முகம், கழுத்து, கை எல்லாம் பவுடரை அப்பினாள். கரையில் வரிசையாக நின்ற எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், வெள்ளையடித்த சுவர்கள் மாதிரி. மேக்கப்காரர் பார்த்துச் சிரித்தார். என் கையை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "இதான் கலரு. இந்தப் பாப்பா போதும்" என்றார். மாமா விசிலடித்தார். மற்ற பிள்ளைகளைத் துரத்திவிட்டார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை.

வேனுக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். அங்கே குடைக்குக் கீழே ஒருத்தி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். என் வயசு. சென்னைக்காரி. நல்ல வெள்ளை. மேக்கப்காரர் அவள் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துக் கறுப்பு மையைப் பூசினார். பூசுவார், என் கையைப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் பூசுவார். புடவைக்கு ஜாக்கெட் துணி பொருத்திப் பார்ப்பார்களே, அப்படி.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்து நான் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"அண்ணே, எனக்கும் பூசுங்க."

"உனக்கு எதுக்கு பாப்பா? ஆண்டவனே பூசி அனுப்பிட்டானே!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

அதோடு விடவில்லை. அவளுக்கு மீன்கூடை தூக்கச் சொல்லித்தர அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா துணியைச் சும்மாடாகச் சுருட்டி அவள் தலையில் வைத்து, "பாத்து தூக்கும்மா, கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்றாள். என் கழுத்தைப் பற்றி அம்மா ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அந்தச் சனியன் கூடையோடு கீழே விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். விழவில்லை.

"எங்கப்பா கடலுக்குப் போய்க்கீறாரு" என்று மெட்ராஸ் பாஷையில் வசனம் பேசினாள். எங்கள் குப்பத்தில் எவன் அப்படிப் பேசுகிறான்?

"போயிருக்காருன்னு சொல்லணும்!" என்று கூட்டத்திலிருந்து கத்தினேன்.

ஷூட்டிங் ஆள் ஒருவன் ஓடிவந்து என் வாயைப் பொத்தினான். "மீனவங்க இப்படித்தான் பேசுவாங்க. சும்மா இரு" என்றான். என்னிடமே!

சாயங்காலம் அவள் அம்மா பஞ்சில் எண்ணெய் தொட்டு அவளைத் துடைத்துவிட்டார். பஞ்சு கறுத்தது, கை வெளுத்தது. பிறகு கார் ஏறிச் சிதம்பரத்து லாட்ஜுக்குப் போய்விட்டார்கள்.

அவள் குடை, ஜூஸ், பேசிய வசனம், என் அம்மா அவள் தலையைத் தொட்டது எல்லாவற்றுக்கும் எனக்கு வயிறு எரிந்தது. எண்ணெய்ப் பஞ்சை மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமைப்பட வேண்டியதே அதைப் பார்த்துத்தான் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.