துரையின் தூண்டிலும் சாமி சேவலும்

மீன் பிடிக்கத் தெரியுமா என்று தேயிலைத் தோட்டத்துத் துரை கேட்டபோது அப்பா தெரியும் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு மீன் தின்னத் தெரியும். கம்போங் ராஜா சந்தையில் பேரம் பேசி வாங்கத் தெரியும். அதற்கு மேல் மீனுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

ஆனால் அந்த ஆண்டு அப்பா எதற்கும் தெரியாது என்று சொல்கிற நிலையில் இல்லை. அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. அந்த அட்டை வைத்திருந்தவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் புதுப்பிக்க, இந்த ஆள் தோட்டத்துக்குத் தேவை என்று துரை ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். கடிதம் கிடைக்காதவர்கள் பினாங்குக்குப் போய்த் தாய்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். துரையோடு ஆற்றுக்குப் போய்வந்த முந்தைய ஆளும் அப்படித்தான் போனார். பங்களாவில் பூச்செடி பார்த்துக்கொண்டிருந்த அப்பா கடிதம் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. பார்க்கலாம் என்று துரை சொல்லியிருந்தார். அம்மா தன் பங்குக்கு, எங்கள் சிவப்புச் சேவலை முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டிருந்தாள்.

இதெல்லாம் உங்களுக்குச் சொல்கிறேன். அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு என்பதுதான் எனக்குத் தெரிந்த சேதி.

துரை தன் பழைய தூண்டில் கம்பையும், ஒரு புகையிலை டப்பாவில் மூன்று முள்ளையும் கொடுத்தனுப்பினார். புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. முள்ளில் கோழி இறகை நூலால் சுற்றி ஈ மாதிரி செய்திருந்தார்கள்.

"இதைப் பார்த்து மீனு ஏமாறுமாம்" என்றார் அப்பா.

"மீனு ஏமாறுதோ இல்லையோ, நீங்க ஏமாந்துட்டீங்க" என்றாள் அம்மா.

தினமும் சாயங்காலம் அப்பா பந்து விளையாடும் திடலில் நின்று பழகினார். நான் கூடவே போனேன். மண்வெட்டியை ஓங்குவது போலக் கம்பைத் தலைக்கு மேல் ஓங்கி, பலம் கொண்ட மட்டும் முன்னால் அடித்தார். நூல் அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. லயத்து வீடுகளில் இருந்த ஆட்கள் வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னண்ணே, புல்லுல கெண்டையா, கெளுத்தியா?"

"விடுலா, அண்ணன் வெட்டுக்கிளி பிடிக்கிறாரு."

முதல் முள் கொய்யா மரத்தில் போனது. இரண்டாவது பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சாரோங்கில் மாட்டி, சாரோங்கோடு சண்டையும் கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமை மூன்றாவதும் காட்டு ஓரத்தில் காணாமல் போனது. அப்பா புல்லில் உட்கார்ந்துவிட்டார். கம்பு சும்மா கிடந்ததால் நான் எடுத்தேன்.

அம்மா கொழுந்து கிள்ளும்போது கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்கமாட்டாள். மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுவாள். கொழுந்து தோளுக்கு மேலே பறந்து முதுகுக் கூடையில் விழும். பள்ளி விடுமுறையில் செடி நிரையில் கூட நின்று எனக்கும் அது பழகியிருந்தது. அதே மாதிரி செய்தேன். நூல் பின்னால் போய் நீண்டது. கூடையில் கொழுந்து விழுகிற நேரம் பொறுத்தேன். பிறகு கையை முன்னால் விட்டேன். நூல் நேராகப் போய்ப் புல்லில் படுத்தது.

வேலியில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"எப்படிச் செஞ்ச?" என்றார் அப்பா.

"அம்மா கூடையில போடுறாப்புல."

அப்பா பத்து தடவை என்னைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு தான் பத்து தடவை செய்தார். அவர் கைக்கு அது வரவில்லை. "ஞாயித்துக்கிழமை நீயும் வா" என்றார்.

ஆள் கிடைத்தது, முள் இல்லை. கடையில் வெறும் முள் வாங்கலாம். இறகுக்கு எங்கே போவது? துரையின் ஈ செம்பழுப்பு நிறம். அந்த நிறத்தில் லயத்திலேயே ஒரு கழுத்துதான் இருந்தது. சனிக்கிழமை நான் சேவலை மடியில் அமுக்கிப் பிடித்தேன், அப்பா பிடுங்கினார். நிறையப் பிடுங்கினார்.

அம்மா வேலை விட்டு வந்து பார்த்தாள். "சாமிக்கு நேந்துவிட்டத இப்படியா மொட்டையடிப்பீங்க? ஊனம் இருந்தா முனியாண்டி வாங்கமாட்டாரு. தெரியுமா, தெரியாதா?"

"சாமிகிட்ட எதுக்குப் போறோமோ அதுக்குத்தான் ஆத்துக்கும் போறோம். ரெண்டும் ஒரே வேலைதானே லா" என்றார் அப்பா.

அம்மா சேவலின் கழுத்தில் மஞ்சள் பூசினாள். அன்றைக்கு அப்பாவோடு பேசவில்லை.

ஞாயிறு காலை கோலா தெர்லா ஊருக்குக் கீழே ஆற்றில் இறங்கினோம். என்னைப் பார்த்ததும் துரை புருவத்தைத் தூக்கினார். பை தூக்க வந்திருக்கிறாள் என்றார் அப்பா. பிறகு கம்பை ஓங்கினார். நூல் வேகவைத்த சேமியா மாதிரி அவர் காலடியிலேயே குவிந்தது. மறுபடியும் அதேதான். மூன்றாவது வீச்சில் முள் துரையின் தொப்பியை எடுத்துத் தண்ணீரில் போட்டது. துரை தொப்பியை எடுத்துப் பிழிந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அப்பா கம்பை என்னிடம் நீட்டினார். பிறகு கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தண்ணீர் குளிர் என்று நினைத்தேன்.

பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழலும் இடத்தைப் பார்த்து வீசினேன். இரண்டு தடவை ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை சாமி சேவலின் இறகு தண்ணீரைத் தொட்டதும் நூல் விறைத்தது. இழுத்தேன். என் முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன்.

துரை ஓடிவந்தார். கையை நனைத்துக்கொண்டு, முள்ளைப் பதமாகக் கழற்றி, மீனை ஆற்றில் விட்டுவிட்டார்.

"என் மீனு" என்று கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தினார். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். இவள் அம்மா என்றார் அப்பா. கிளம்பும்போது, காலையில் ஆபீசுக்கு வா என்று துரை சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நான் எத்தனையோ ஊர் சுற்றி, எத்தனையோ வேலை பார்த்து, எனக்கென்று பெர்மிட்டுகள் கேட்டு ஆபீஸ் ஆபீசாக நின்றிருக்கிறேன். அந்த மீனுக்குக் கிடைத்த மதிப்பு எனக்கு எங்கும் கிடைத்ததில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பிரித்து, தலைகீழாகவே நெடுநேரம் பார்த்தாள். பிறகு கொல்லைப்புறம் போய், மொட்டைக் கழுத்துச் சேவலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

மீன் போன துக்கம் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அழாதம்மா, அடுத்த வாரம் அந்த ஆளு பாக்காதப்ப ஒண்ணு பிடிச்சுட்டு வந்துர்றேன்" என்று தேற்றினேன்.