வெர்லா போட்ட வட்டங்கள்

டெவினை வேறு அணிக்குக் கொடுத்துவிட்ட ஜனவரி பத்தாம் தேதி காலை, வெர்லா கொஸ்டியுக் அவன் காரின் பின்சீட்டில் பெரோகி கொழுக்கட்டை டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு வைத்தது ஒரு பக்கம், பாலாடைக்கட்டி வைத்தது ஒரு பக்கம். வெளியே மைனஸ் முப்பது டிகிரி.

"எங்க நிறுத்தினாலும் இஞ்சினை அணைக்காத. படம் புடிக்கிறேன்னு ரோட்டோரத்துல நிக்காத."

பதினெட்டு வயதுக் கோல்கீப்பர் தலையாட்டினான். வெளியூரிலிருந்து ஆட வந்து, இரண்டு குளிர்காலம் அவர் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டவன்.

வெர்லா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். சனிக்கிழமை மாலைகளில் ஐஸ் ஹாக்கி அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எங்கள் ஊர் ஜூனியர் அணிக்காக இரு பக்கத்துக் கோல் வாய்ப்புகளையும் குறிக்கிறார். தாளில் பனித்தளத்தின் படம். வலைக்கு நெருக்கத்தில், மறிப்பவர் இல்லாமல் அடித்தால் பெருக்கல் குறி. அது நிஜ வாய்ப்பு. தூரத்திலிருந்தோ ஓரத்திலிருந்தோ வந்தால் வட்டம்; அதைக் கோல்கீப்பர் தடுத்திருக்க வேண்டும். உள்ளே போனதா இல்லையா என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

"ஏம்மா, வலைக்குள்ளயே போயிடுச்சு. இன்னும் சான்ஸ் இல்லங்கறியே?" என்பார் பக்கத்து இருக்கை ஆர்னி.

"கோல்தான், யாரு இல்லன்னா? எவன் முழங்கால்லயோ பட்டு உருண்டு போச்சு. அதுக்குப் பேரு சான்ஸா?"

"அந்த முழங்கால் உன் அக்கா பேரனோடது!"

"அப்ப முழங்காலுக்கு ஒரு மெடல் குடு."

மளிகைக் கடை வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால் நமக்குக் கோபம் வரும். வெர்லா, முன்னால் நிற்பவரைத்தான் கடிந்துகொள்வார்: "நடுவுல அவ்ளோ இடம் விட்டா வரத்தான் செய்வான்."

அந்தப் பருவத்தில் எங்கள் அணி தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றது. பயிற்சியாளர் மெர்வ் வெர்லாவின் தாள்களைப் புரட்டினார். டெவின் விட்ட கோல்களில் வட்டங்களே அதிகம். "உன் வீட்டுல சாப்புடற பையனுக்கே இவ்ளோ வட்டம் போட்டிருக்க. வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பமாட்டேன்" என்றார். டெவின் போனது அப்படித்தான்.

நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய எனக்கு, அரங்கில் கடிகாரப் பொத்தானை அமுக்கும் வேலை கிடைத்திருந்தது. ஆட்டப் பதிவுகளும் என்னிடம்தான் இருந்தன. டெவின் போன மறு ஞாயிறு, பழைய ஆட்டங்களைப் பார்க்க வேண்டுமென்று வெர்லா வந்தார். மூன்றாவது ஆட்டத்தில் நிறுத்தச் சொன்னார்.

"வலைக்கு முன்னாடி தன்னந்தனியா நின்னு அடிக்கிறான். இதுக்கு யாரு வட்டம் போட்டது?"

"நீங்கதான்."

இப்படித் தவறாகப் போட்ட வட்டங்கள் மொத்தம் இருபத்து மூன்று கிடைத்தன. எல்லாமே டெவின் வலையைக் காத்தபோது போட்டவை. மாற்றுக் கோல்கீப்பர் நின்ற ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை.

"என் வீட்டுப் பையன்னு சலுகை காட்டுறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு..." என்று தொடங்கியவர், வீடியோவைப் பார்த்தபடியே சொன்னார்: "நான்தான் அவனைக் கவுத்துட்டேன்."

அழித்துத் திருத்திய தாள்களை மெர்விடம் கொண்டுபோனார். "பையன் போயாச்சு, வெர்லா" என்றார் அவர். ஒரு நகல் டெவினுக்குத் தபாலில் போனது. கூடவே ஒரு வரி: 'இந்த இருபத்து மூணும் என் தப்பு, உன்னுது இல்ல.'

பதில் இல்லை. பிறந்தநாள் வாழ்த்துக்கும் இல்லை. "போஸ்ட் ஆபீஸ்ல என்னைப் பார்த்ததுமே இல்லன்னு தலையை ஆட்டிடறாங்க. வாயைத் திறக்கிற வேலை மிச்சம்" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு, மறுநாளும் போவார். இப்போது அவர் வீட்டில் தங்கியிருக்கும் புதுப் பையன் தளத்தில் இறங்கினால், பென்சிலை ஆர்னியிடம் நீட்டிவிடுகிறார்.

டெவின் போய்ப் பதின்மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. இடைவேளையில் வெர்லாவுக்குக் காபி கொடுக்கப் போனேன். பேச்சில் ஆட்டம் தொடங்கிவிட, கடிகாரத்துக்கு வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார். வெர்லாவின் போன் அதிர்ந்தது. டெவின். ஒரு குட்டி வீடியோ, அவன் விட்ட ஒரு கோல். கீழே எழுதியிருந்தான்: 'இங்க எல்லாரும் என் தப்புங்கறாங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க. மழுப்பக் கூடாது.'

அந்த நொடியில் எங்கள் அணி கோல் போட்டது. அரங்கமே எழுந்து கத்தியது. ஆர்னி வெர்லாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்: "இது சான்ஸா இல்லையா, சொல்லு!"

வெர்லா நிமிரவில்லை. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு, வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார்.