மின்சாரம் மிச்சம் பிடிக்கும் பெட்டி

அந்தப் பெட்டியை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உள்ளங்கை அளவு வெள்ளைப் பிளாஸ்டிக். பிளக் பாயின்டில் சொருகினால் முகப்பில் ஒரு பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான் அது செய்யும் வேலை. கரண்ட் பில்லைப் பாதியாகக் குறைக்கும் என்று அட்டையில் அச்சடித்து, பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் விற்றார்கள். என் கணவர் வாங்கி வந்து, மயிலாப்பூர் வீட்டு ஹாலில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டினார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வீட்டு மீட்டர் எதைக் கணக்கெடுக்கும், எதைக் கணக்கெடுக்காது என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறவள். பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்ன மின்தேக்கி. பெரிய மோட்டார்கள் ஓடும் தொழிற்சாலையில் அந்த மாதிரிச் சாமானுக்கு வேலை உண்டு. வீட்டு மீட்டரோ மின்விசிறியும் பிரிட்ஜும் உண்மையில் செலவழித்ததைத்தான் காட்டும். அதில் ஒரு யூனிட்டைக்கூட இந்தப் பெட்டியால் குறைக்க முடியாது. போதாததற்கு அந்தப் பச்சை விளக்குக்கும் கொஞ்சம் கரண்ட் வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காக வீட்டில் எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டேன்.

அடுத்த பில் குறைந்தது. குறையாமல் என்ன செய்யும்? பையன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். அவன் அறையில் ஏசி இரண்டு மாதமாக ஓடவில்லை. அதைச் சொன்னால் கணவர் கேட்கிறவரா? "பச்சை லைட் எரிஞ்சுண்டிருக்கு பாரு, வேலை செய்யாமலா எரியும்?" என்றார். வங்கியில் மேலாளராக இருக்கிறவர் பேசுகிற பேச்சு. மாடிவீட்டுக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று ஒருவர் விடாமல் பில்லைக் காட்டினார்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடமும் காட்டினார். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்த குடும்பம் அவளுடையது. இப்போது ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றால், பார்க்கிற நாலு வீட்டில் ஒன்றையாவது விட்டுவிடலாம் என்பது அவள் திட்டம். மாவு புளிக்காமல் இருக்க பிரிட்ஜ் வேண்டும். பிரிட்ஜ் வந்தால் பில் எகிறிவிடும் என்ற பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். இலவசமாகக் கிடைக்கும் நூறு யூனிட்டை அவள் வீடு அதுவரை தாண்டியதே இல்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "இது மெய்யாலுமே கொறைக்குமாக்கா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். கணவர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். நான் கீரையை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

பழைய பிரிட்ஜ் ஒன்றைத் தவணையில் எடுத்தாள். பெட்டியையும் வாங்கி மாட்டி, ஒரு வீட்டு வேலையை விட்டாள். அடுத்து வந்த பில்லை எடுத்துவந்து எங்கள் சமையல் மேடையில் வைத்தாள். மாவு விற்று மிஞ்சியது முழுக்க அதற்கே போய்விட்டதாம். பிரிட்ஜை அணைத்துவிட்டாளாம், மாவு அரைப்பதையும் நிறுத்திவிட்டாளாம். விட்டுவிட்ட வீட்டுக்கே போய் மறுபடி வேலை கேட்டிருக்கிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹாலுக்குப் போய் அந்தச் சனியனைப் பிடுங்கி எறிந்தேன். விற்றவனைத் திட்டினேன். அட்டையில் பொய்யை அச்சடித்தவனைத் திட்டினேன். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரை அவர் காதில் விழும்படியே திட்டினேன். பிறகு அவளை உட்காரவைத்து, இதனால் எந்த வீட்டிலும் பில் குறையாது, ஏன் குறையாது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். வகுப்பில்கூட நான் அவ்வளவு தெளிவாகப் பாடம் நடத்தியதில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்பலேர்ந்துக்கா தெரியும்?"

"மாட்டின அன்னிக்கே தெரியும்."

அவள் பில்லை எடுத்து மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். "அன்னிக்கு நான் உங்களத்தானேக்கா கேட்டேன்" என்றாள்.