பத்தாவது சரக்கு

கலப்பத்து என்றால் பத்துச் சரக்கைக் கலப்பது என்று பத்து வயதில் நான் நம்பினேன். அது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவுமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது என் வழக்கமே இல்லை. அதற்காக இன்றைக்கும் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறிய மறுவருஷம் அது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் வழியில் எங்கள் குப்பம். அங்கே எல்லாரிடமும் கட்டுமரம்தான். அப்பாவிடம் மட்டும் பலகைப் படகு இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். துறைமுகத்தில் கழித்துப்போட்ட சின்னப் படகு ஒன்றை வாங்கிவந்து பச்சைச் சாயம் அடித்து வைத்திருந்தார். கட்டுமரத்துக்கு ஒழுகும் கவலை கிடையாது, அது நனைந்துகொண்டேதான் மிதக்கும். படகு அப்படியில்லை. பலகைகளுக்கு நடுவே உள்ள சந்தில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி அடைக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் படகுக்காரர்கள் கலப்பத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. பெண்பிள்ளைகள் படகைத் தொடக்கூடாது, படகு வேலை நடக்கும் பக்கமே போகக்கூடாது என்று குப்பத்தில் கட்டுப்பாடு.

அந்த வருஷம் படகு ஒழுக ஆரம்பித்தது. இடது பக்கம், மூன்றாவது பலகையின் ஓரத்தில், ஒரு சாண் நீளம். நைனா அடைப்பார், இரண்டு நாள் நிற்கும், மறுபடி அதே இடத்தில் ஒழுகும். கட்டுமரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். "இன்னா நைனா, மீன் புடிக்கப் போறியா, தண்ணி மொள்ளப் போறியா?" என்பார்கள்.

அம்மாவுக்கு இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அதற்கு முந்தின வருஷம் என் சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவருடைய கட்டுமரத்தின் ஒரு கட்டை மட்டும் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒதுங்கியது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு, தீப்பெட்டிக் கம்பெனி. மாமா அங்கே மேஸ்திரியிடம் சொல்லி நைனாவுக்கு ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார்.

"கம்பெனில சங்கு ஊதுனா உள்ள போற, சங்கு ஊதுனா வூட்டுக்கு வர. அதுல இன்னா கொறச்சல்?" என்று அம்மா கேட்பாள்.

ஒருநாள் நைனா சலித்துப்போய்ச் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெயம வரிக்கும் பாக்கறேன். கலப்பத்து நின்னா படகு. நிக்கலன்னா வெறகுக்குப் போட்டுட்டு திங்கக்கெயம கம்பெனிக்குப் போறேன், போதுமா?"

குப்பத்தில் நான் பச்சைப் படகுக்காரர் மகள். தீப்பெட்டிக்காரர் மகளாக ஒரு நாளும் ஆகமாட்டேன் என்று முடிவு செய்தேன். கலப்பு பத்து சரியாக விழவில்லை, அவ்வளவுதானே? நைனா ஏதோ ஒன்றிரண்டு சரக்கை விட்டிருக்கிறார், பத்தையும் போட்டு நானே அடைத்துவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

நைனா சரக்கு வாங்குவது நாட்டு மருந்துக் கடை பாயிடம். நாலு கருவாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, கலப்பு பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். ஏதோ லேகியம் என்று நினைத்துவிட்டார் பாவம்.

"யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?"

"படகுக்கு."

பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கை குங்கிலியம் மடித்துக் கொடுத்தார். மற்றதெல்லாம் என் சொந்த மூளை. எது எது ஒட்டுமோ, எது எது இறுகுமோ அதெல்லாம் சரக்குதான். மீன் எண்ணெய், தலையணைப் பஞ்சு, கிளிஞ்சல் சுண்ணாம்பு, வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு, வேப்பம்பிசின். ஏழு ஆயிற்று. உடைந்த சட்டியில் காய்ச்சினேன். ஆண்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் உச்சிவேளையில், மணலில் கவிழ்த்திருந்த படகுக்கு அடியில் புகுந்து சந்தில் திணித்தேன். பாவாடையின் ஓரத்தைக் கிழித்து, அந்தக் குழம்பில் தோய்த்து மேலே ஒட்டினேன். பாவாடை ஏன் குட்டையாகிவிட்டது என்று அம்மா கேட்டதற்கு, நான் வளர்ந்துவிட்டேன் என்றேன்.

மறுநாள் காலையில் துணியைக் காணோம். பஞ்சைக் காணோம். படகு பழையபடி ஒழுகியது.

நான் அசரவில்லை. ஏழு போதவில்லை என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ரோடு போடும் இடத்திலிருந்து ஒரு உருண்டை தார், புளியங்கொட்டைப் பசை, ஆக ஒன்பது. மறுபடி பாவாடை, மறுபடி உச்சிவேளை. இந்தத் தடவை படகுக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது எதிரே பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். என் கை இரண்டும் முழங்கைவரை தார்.

மறுநாள் படகு ஒழுகியதும் பெரியப்பா குப்பம் முழுக்கக் கேட்கச் சொன்னார்: "பொட்டப்புள்ள கை பட்டுகினு இருந்தா படகு ஒயுவாம இன்னா பண்ணும்? இத்தினி நாளா இவதான் தொட்டுகினு இருந்துகிறா!"

நைனா அன்றைக்குத்தான் முதல்முதலாக என்னை அடித்தார். அடி கூடப் பெரிதில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். தரித்திரம் என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அன்று சாயங்காலம் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே யோசித்தேன், பத்தாவது எது என்று.

"அம்மா, ஒம்போது போட்டும் ஒண்ணு கொறஞ்சா நீ இன்னா போடுவே?"

"இன்னும் அந்தப் படகுதானா ஒனக்கு?"

"என்னாலதான் ஒயுவுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் தொட்டா ஒயுவாதுன்னு காட்டணும். காட்டாம வுடமாட்டேன்."

அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கரண்டி நின்றது. வெகுநேரம் என் கன்னத்தையே பார்த்தாள். நைனாவின் விரல் பட்ட இடம் இன்னும் வீங்கியிருந்தது. பிறகு உப்புச் சாடியில் கையை விட்டு, ஒரு பிடி கல்லுப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இதப் போடு. இந்த தபா நிக்கும்."

எனக்கு ஒரே ஆத்திரம், இது முன்பே தோன்றவில்லையே என்று. எந்தச் சமையலிலும் கடைசியில் பார்ப்பது உப்புதானே! சனிக்கிழமை உச்சிவேளையில் பத்துச் சரக்கையும் போட்டு அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை படகை இறக்கினார்கள். நைனா குனிந்து மூன்றாவது பலகையைத் தடவிப் பார்த்தார். காய்ந்த பலகை. இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப்போய்ப் பார்த்தார். சொட்டு இல்லை.

"பாத்தியா? பொட்டப்புள்ள கை படல, ஒயுவல" என்றார் பெரியப்பா.

"நான்தான் தொட்டேன்! நேத்து நான்தான் அடைச்சேன்!" என்று கரையிலிருந்து கத்தினேன். இன்னொரு அடி விழுந்தாலும் விழட்டும் என்றுதான் கத்தினேன்.

நைனா என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படகுக்குள் புகும் தண்ணீரை இறைக்க வைத்திருந்த தகர டப்பாவை எடுத்து, கரையில் என் காலடியில் விழும்படி வீசினார்.

"இத வூட்டுல கொண்டும்போய் வையி. இனிமே எனக்கு இன்னாத்துக்கு?"

மீன்கூடை நிறைய சங்கரா போட்டுக் கொடுத்திருந்தால்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். நைனா கம்பெனிக்குப் போகவில்லை. இன்னும் பதினைந்து வருஷம் கடலுக்குத்தான் போனார்.

உப்பின் மகிமையை நான் கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் பிள்ளைகளிடம் சொல்லும்போது, பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "உப்பும் இல்ல, வெல்லமும் இல்ல. அந்த தபா நான் நோண்டல. அவ்ளோதான்." நைனா அடைத்ததையும் அவள்தான் விடியற்காலையில் போய் வலை ஊசியால் நோண்டி எடுத்திருக்கிறாள். நான் ஒட்டியதில் என் பாவாடைத் துணியைப் பார்த்திருக்கிறாள், பார்த்தும் பிய்த்திருக்கிறாள். படகைத் தொடக்கூடாதவள் என்பதால் அவளை யாருக்கும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நைனா வீசிய டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "ஒயுவல, ஒயுவல" என்று குப்பம் அதிரக் கத்தியபடி வீட்டுக்கு ஓடினேன். கரைக்கு வராமல் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். டப்பாவைப் பார்த்ததும் வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இது இல்லாமயா போயிட்டாரு?"

"இனிமே வோணாமாம்!" என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் உலை வைக்கவில்லை. பசிக்கிறது என்று சொல்லியும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் நைனாவின் குரல் கேட்கும்வரை அந்த டப்பாவை என்னிடம் தரவும் இல்லை. ஜெயித்தது நான், பரிசை இவள் வைத்துக்கொள்கிறாளே என்று அன்று முழுக்க அம்மாவோடு நான் பேசவில்லை.