கலுங்கில் அடுக்கிய மணல் மூட்டைகள்

கண்மாய்ப் பாசனக் கூட்டம் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. கண்மாய்க்கரை உடைந்தது மறுநாள் பிற்பகலில்தான். ஆனால் எங்கள் அக்காவின் சாவு அந்தப் பத்து மணிக் கூட்டத்தில், ஆளுக்கொரு டீயோடு தீர்மானமாகிவிட்டது.

முதலாமாண்டு நினைவு மலரில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று உறவினர் சிலர் கேட்டார்கள். 'இறைவனடி சேர்ந்தார்' என்று போட்டுவிட்டால் எல்லோருக்கும் வசதிதான். இறைவன் அழைக்கவில்லை, ஊர் அனுப்பி வைத்தது.

அக்கா உத்தரகோசமங்கைக்கு அருகில் பிறந்து, பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் இளம் வயதிலேயே தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தார். பசித்த முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும். கோபம் வந்தால் மறைக்க மாட்டார்.

எங்கள் பக்கம் மழை அரிது. அதனால் கண்மாய் நிறைந்ததும், உபரி நீர் வெளியேறும் கலுங்கில் மணல் மூட்டைகளை அடுக்கி இன்னும் ஒரு முழம் தண்ணீரைத் தேக்குவது வழக்கம். கனமழை எச்சரிக்கை எல்லோருடைய கைபேசிக்கும் வந்திருந்தது. மூட்டைகளை உடனே எடுக்க வேண்டும் என்று அக்கா கூட்டத்தில் போய்க் கேட்டார். அங்கே கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் வயல் உள்ளவர்கள் மட்டுமே பேசலாம். கரைக்குக் கீழே, அக்கா குடியிருந்த கீழத்தெருவில் ஒருவருக்கும் வயல் கிடையாது.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த பெரியவர் எங்களுக்கு மாமா முறை. அவர் சொன்னார்: "வாராத லச்சுமி வந்துருக்கா. அவளக் கழுத்தப் பிடிச்சுத் தள்ளச் சொல்றியாத்தா? ஒனக்கு இங்கன வயலா, வரப்பா?"

"வயலு ஒங்களுக்கு இருக்கு மாமா. கரை ஒடஞ்சா தண்ணி எங்க வீட்டுக்குல்ல வரும்."

சிரித்தார்கள். பட்டம் வாங்கியவர்களும் அந்தச் சிரிப்பில் இருந்தார்கள். சிரிப்பதற்குப் படிப்பு ஒரு தடையாக இருப்பதில்லை.

அக்கா கூட்டத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. புரட்டாசியிலேயே கீழத்தெருப் பெண்களைக் கூட்டி, நடக்க முடியாத யாரை யார் தூக்குவது, ஆபத்து என்று சாப்பாட்டுத் தட்டை அடித்தால் மேட்டிலுள்ள பள்ளிக்கு எந்த வழியாகப் போவது என்று பேசி முடிவு செய்து, ஒருமுறை நடந்தும் பார்த்திருந்தார். டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்த்த ஆண்கள், வள்ளி திருமணம் நாடகத்துக்கா ஒத்திகை என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஒத்திகையில் ஊர் ஆண்கள் காட்டிய வீரம் அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு மறுநாள் கண்மாய் தளும்பியது. மூட்டைகளை எடுக்கப் போன பெண்களைக் கலுங்கில் வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். கலுங்குக்குக் காவல் போட ஆள் இருந்தது. கரைக்குப் போட இல்லை. அக்கா யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தட்டை அடித்தார். மழை விடுமுறைக்கு அங்கே போயிருந்த என் மகளிடம் இரண்டு குழந்தைகளை ஒப்படைத்து, "திரும்பிப் பாக்காமப் போத்தா. அத்தை வாரேன்" என்றாராம்.

தெரு முழுவதும் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. கோழிகளை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு மூதாட்டி மட்டும் மீதி. அக்கா இரண்டு பெண்களோடு திரும்பிப் போய், அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அவர்களிடம் தூக்கிக் கொடுத்தார். நாற்காலி மேட்டில் ஏறியபோது கரை உடைந்தது. பின்னால் வந்த அக்காவின் மேல், ஊறியிருந்த சுவர் சரிந்தது. என் மகள் பள்ளி வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

இன்றும் தூறல் விழுந்தால் அவளைத் தேடி வீடு முழுவதும் நடக்கிறேன். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

அக்காவைச் சேற்றிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டிய கீழத்தெருப் பெண்களுக்கும், அன்று நனைந்த விறகை ஊதி ஊதி எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சிய சத்துணவு ஆயாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆழ்ந்த இரங்கல் என்று தட்டி வைத்தவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் ராமநாதபுரத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது அக்காவைப் பள்ளித் தாழ்வாரத்தில் கிடத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக, டிராக்டரில், அந்த மாமா வந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். அவர் அக்காவைப் பார்க்கவில்லை. கிழக்கே, வெள்ளம் போகும் திசையைப் பார்த்துக்கொண்டே என் தோளில் கை வைத்தார்.

"இம்புட்டுத் தண்ணியும் வீணாப் போச்சே மாப்ளே."