மணிக்கட்டுப் பிடி

அன்றைக்குத் தஞ்சாவூரில், எக்ஸ்ரே அறை வாசலில் இருந்தவர்கள் மூன்று பேர்: அண்ணன், நான், எங்கள் தெருக் கபடி அணியின் கேப்டன். அப்பா வரவில்லை. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டுத் தெருவே வேலைநிறுத்தத்தில் இருந்தது. அப்பா சங்கத்து ஆட்களோடு நீடாமங்கலத்துக்குப் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தார். ஆட்டை விற்றுப் பணம் கொடுத்தனுப்பிய அம்மாவும் வரவில்லை. அணியில் மற்றவர்கள் வராததற்குக் காரணம் பஸ் காசு.

அண்ணனின் இடது மணிக்கட்டு உடைந்தது என் பிடியில்தான். யாரும் அதை என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

கபடியில் பாடி வருபவனை மடக்க இரண்டு பேர் கை கோத்து நிற்பார்கள். எல்லா ஊரிலும் விரலோடு விரல் கோப்பார்கள். நாங்கள் மட்டும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடிப்போம். அது ஆற்றில் பழகியது. ஐப்பசி வெள்ளத்தில் கரை உடைத்துக்கொண்டால், வைக்கோலும் மண் மூட்டையும் போட்டு அடைக்கிற வரைக்கும் எங்கள் ஆட்கள் கழுத்தளவுத் தண்ணீரில் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். சேற்றுத் தண்ணீரில் விரல் வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது. அங்கே ஒரே விதிதான்: என்ன ஆனாலும் பிடியை விடக்கூடாது.

அந்தப் பொங்கலுக்கு ஆளுங்கட்சிக் கிளை நடத்திய போட்டியில், பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்பு அணியோடு மோதினோம். மரம் ஏறி ஏறி உரம் பாய்ந்த ஒருவன் எங்கள் இருவருக்கும் நடுவில் பாய்ந்தான். அண்ணன் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, என் பிடியில் இருந்த கை மறுபக்கம் திரும்பியது. விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. மூன்று பேரும் அந்தக் கையின் மேலேயே விழுந்தோம்.

முதலில் உள்ளூர் வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம். வீக்கம் வடிந்தது. கட்டைவிரலின் அடியில் மட்டும் வலி போகவில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். வேலைநிறுத்த நாட்கள் என்பதால் நீடாமங்கலம் பஸ் நிறுத்தத்தில் ஒரு போலீஸ்காரர் அண்ணனின் கைக்கட்டைப் பார்த்து மறித்தார்.

"எந்தத் தகராறுல வாங்குனே?"

"கபடிங்க" என்றார் அண்ணன்.

"யாரை அடிச்சே?"

"அடிக்கலீங்க. புடிச்சோம். அவன் ஊருக்குப் போயிட்டான், நாங்கதான் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிவிட்டார்.

டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். முந்திரிக்கொட்டை அளவில் ஒரு எலும்பு, குறுக்கே ஒரு மெல்லிய கோடு.

"பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டு. நடுவுல பிரிச்சீங்கன்னா அது சேரவே சேராது."

"இத்தனூண்டு எலும்புக்கா சார்?" என்றார் கேப்டன்.

"இத்தனூண்டு எலும்புங்கிறதாலதான். அதுக்கு ரத்தம் ரொம்ப மெதுவா வருது."

அப்போது நான் கல்லூரியில் முதல் வருஷம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். அடுத்த வாரமே நூலகத்தில் உடற்கூற்றுப் புத்தகத்தைத் தேடிப் படித்துவிட்டு வந்து, அந்த எலும்பு படகு வடிவத்தில் இருக்கும் என்று அண்ணனிடம் விளக்கினேன்.

"படகு இருந்திருந்தா வெள்ளத்துல உன் கையப் புடிச்சிக்கிட்டு நான் ஏன்டா நிக்கிறேன்?" என்றார்.

சில நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்டது அரைப்படி, கிடைத்தது கால்படி. தெருவே அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கியது. கதிர் அறுப்பது வலது கை என்றாலும் தாளைக் கூட்டிப் பிடிப்பது இடது கை. அண்ணன் வரப்பிலேயே நின்றார். நினைவு தெரிந்த நாள் முதல் அறுவடைக்கு அவர் இறங்காத வருஷம் அது ஒன்றுதான். அடுத்த நாள் காலையிலிருந்து, மாவுக்கட்டை ஒரு துண்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஆற்றங்கரையில் கூத்தாநல்லூர் ரோடு வரைக்கும் ஓடித் திரும்ப ஆரம்பித்தார்.

பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்: "கை ஒடிஞ்சவனுக்கு ஓட்டம் என்ன வேண்டிக் கிடக்கு?"

"காலு ஒடியலீங்களே."

அண்ணன் ஒருநாள்கூட ஓடாமல் இருந்ததை நான் பார்க்கவில்லை.

கட்டைப் பிரித்தபோது அந்தக் கை காய்ந்த முருங்கைக் குச்சி மாதிரி இருந்தது. தினமும் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். ஆறேழு வாரம் அமுக்கினார். ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் பந்தை என் பக்கம் உருட்டிவிட்டு நாற்றங்காலுக்குப் போனார். நாற்றுப் பறிப்பது எங்கள் பக்கம் ஆண்கள் வேலை. மற்றவர்கள் இரண்டு கையாலும் கொத்துக் கொத்தாகப் பறித்து, காலில் அடித்துச் சேற்றை உதறிவிட்டு, முடி என்கிற சின்னச் சின்னக் கட்டாகக் கட்டிப் போட்டுக்கொண்டே போவார்கள். அண்ணன் இடது கையால் நாலு நாலு தாளாக இழுத்தார். முதல் நாள் பொழுது சாய்கிறவரை அவர் கட்டியது ஏழு முடி.

"பந்தே போதாதா அண்ணே?"

"பந்துன்னா கை மூடிக்கிட்டே இருக்குதுடா. நாத்துக்கு மூடணும், இழுக்கணும், அப்புறம் விடணும். நம்ம ரெண்டு பேருக்கும் விடத்தானே தெரியல."

சம்பா நாற்றுக் காலத்தில் அவர் மற்றவர்களுக்குச் சமமாக முடி போட்டார். மழை நாட்களில் வலித்ததை முகத்தில்தான் பார்த்தேன், வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்த பொங்கல். அதே மைதானம், அதே தென்னந்தோப்பு அணி, அதே ஆள் பாடி வந்தான். அண்ணன் இடது கையை நீட்டினார். நான் விரல்களைப் பிடித்தேன். கை தானாகவே அப்படிப் போய்விட்டது. எதிரி எங்கள் நடுவில் சாதாரணமாக நுழைந்து, ஒரு புள்ளியோடு கோட்டுக்குப் போய்விட்டான்.

"என்னடா, கல்யாணப் பொண்ணு கையப் புடிக்கிற மாதிரி புடிக்கிறே?"

"வலிக்கும் அண்ணே."

"வலிச்சா எனக்குத்தானே வலிக்கப் போவுது. மணிக்கட்டப் புடி. நான் விடுன்னா விடு."

அடுத்த முறை மணிக்கட்டைப் பிடித்தேன். எலும்பு சேர்ந்த இடத்தில் சின்னதாக ஒரு மேடு என் உள்ளங்கையில் தட்டியது. எதிரியை மடக்கினோம். அதற்கடுத்த முறை அவன் போன வருஷம் போலவே உடம்பை முறுக்கினான். அண்ணன் "விடு" என்றார். விட்டேன். அவர் அந்த இடது கையாலேயே அவன் கணுக்காலைப் பிடித்து, தனியாக, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினார். தென்னந்தோப்பு ஆட்களே கை தட்டினார்கள்.

ஆனாலும் தோற்றோம். கேடயம் பட்டுக்கோட்டைப் பக்கம் போனது. நடந்து வீடு திரும்பினோம். அடுத்த வருஷம் இடது ஓரத்தில் யாரை நிறுத்தலாம் என்று அண்ணன் கேப்டனிடம் கேட்டுக்கொண்டு வந்தார். பின்னால் நடந்த நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அந்த உடைந்த எலும்பு எங்கள் வீட்டுக்கு வைத்த செலவு ஒரு ஆடும், அண்ணனின் ஓர் அறுவடைக் கூலியும். என் பயம் எங்கள் அணிக்கு வைத்த செலவு ஒரு புள்ளி. நாங்கள் தோற்றதும் அந்த ஒரு புள்ளியில்தான்.