இரண்டு வலைகளுக்கு நடுவில்

மத்திகிரியில் எங்கள் பக்கத்துப் போர்ஷனில் செல்வி என்றொரு பெண் குடியிருக்கிறாள். தென்காசிக்காரி, கம்பெனி வேலை. போன ஞாயிற்றுக்கிழமை செல்லில் ஏதோ ஜெயில் படம் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க ஆச்சி, ரெண்டு பேரும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு எப்படிப் பேசுதாவ!"

பார்த்தேன். கதாநாயகி காதோரம் சொல்வதுபோல ஏதோ சொல்கிறாள். உள்ளே நிற்கிறவன் கண் கலங்குகிறான். பின்னால் புல்லாங்குழல்.

"இத்தன மெதுவா பேசினா எவனுக்குக் காது கேக்கும்?" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? ஜெயில் படங்களில் நான் கரை கண்டவள் என்பது இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

அப்போது கல்லாவிப் பக்கம் இருந்தோம். வரப்புத் தகராறில் எங்கள் வீட்டுக்காரர் பங்காளி ஒருவரை மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டார். அடித்தது அவர்தான், மறைக்க ஒன்றுமில்லை. சேலத்து ஜெயிலில் போட்டார்கள். உள்ளே என்ன சாப்பிடுகிறார், எதில் படுக்கிறார் என்று யாரைக் கேட்பது? டூரிங் கொட்டகைக்குப் போனேன். டிக்கெட் கொடுக்கிறவரிடம் என் முதல் கேள்வியே, "இதுல ஜெயிலு வருதா?" என்பதுதான்.

"வருதுக்கா. இண்டர்வலுக்கு அப்பறம்."

ஜெயில் வராத படத்துக்குக் காசு கொடுத்ததில்லை. மணலைக் குவித்து உட்கார்ந்துகொண்டு, மற்ற பெண்கள் அழும்போது நான் அலுமினியத் தட்டில் என்ன விழுகிறது என்று எட்டிப் பார்ப்பேன். காதலுக்கு நேரம் ஒதுக்குவார்களே தவிர, சோற்றை ஒருவனும் சரியாகக் காட்டமாட்டான்.

அப்படிப் படித்த படிப்பை நம்பி முதல் தடவை பார்க்கப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம், மெல்லப் பேசலாம் என்ற நினைப்பு. அங்கே கம்பியே இல்லை. இந்தப் பக்கம் ஒரு இரும்பு வலை, அந்தப் பக்கம் ஒரு இரும்பு வலை, நடுவில் ஆள் நடக்கிற இடம். வரிசையாகக் கைதிகள், வரிசையாக நாங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். கறவை மாடு, கோர்ட்டுத் தேதி, மாமியார், குழந்தைக்கு அம்மை, எல்லாம் ஒன்றாகக் கலந்து காதை அடைத்தது. அவர் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நேரம் முடிந்தது. என்ன சாப்பிடுகிறார் என்றுகூடத் தெரியாமல் கல்லாவிக்குப் பஸ் ஏறினேன்.

அடுத்த தடவையும் அதே கூச்சல். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆத்திரம் வந்தால் எனக்குக் கன்னடம்தான் வரும். நான் பிறந்தது தளிப் பக்கம், கன்னடம் பேசுகிற வீடு. கட்டிக்கொண்டு வந்த இடத்தில் மாமியார், "இந்த வூட்ல தமிழுதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டதால் அதை மூட்டை கட்டி வைத்திருந்தேன். அன்றைக்கு அது அவிழ்ந்துகொண்டது.

"ஊட்டா ஆய்த்தா?"

சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டது, அத்தனை தமிழுக்கு நடுவில் தனியாகப் போய் அவர் காதில் விழுந்தது. சட்டென்று நிமிர்ந்தார். பர்கூர் குவாரியில் கன்னடத்துக்காரர்களோடு கல் உடைத்தவர், பேசத் தெரியும். "ஆய்த்து, ஆய்த்து!" என்றார். அவர் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது. அருகில் நின்ற அம்மாள், "ஏம்மா, நீ மட்டும் எப்படிப் பேசற?" என்று பொருமினாள்.

அதற்கப்புறம் ஒருமுறை போனபோது அவர் முகமே சரியில்லை. கண்ணைப் பார்க்காமல், "இன்னு பரபேடா. நன்ன மர்த்துபிடு" என்றார். இனி வராதே, என்னை மறந்துவிடு, தாய் வீட்டுக்குப் போ என்கிறார். வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் போய்விட்டால் இந்த மனுசனுக்கு யார் இருக்கிறார்கள்? எனக்குத்தான் யார்?

ஆனால் அந்தப் பேச்சு எங்கேயோ கேட்டதாக இருந்தது. யோசித்தேன். கொட்டகையில்! போன மாசம் பார்த்த படத்தில் கைதி பெண்டாட்டியிடம் சொன்ன அதே வசனம், கன்னடத்தில் வருகிறது.

"உள்ள உங்களுக்குப் படம் போட்டாங்களா?" என்று கன்னடத்திலேயே கத்தினேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "ஞாயித்துக்கெழம போட்டாங்க. எல்லாருமே அழுதோம்."

"சும்னிரு!" என்று ஒரு அதட்டுப் போட்டேன். வாயை மூடு என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன். கட்டின புருசனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "படத்துல அவ போனா. நான் வருவேன்."

அவர் சிரித்தார். காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். கைதியைப் பார்க்கப் போவதை அங்கே மனு என்பார்கள். விடுதலையாகிற வரைக்கும் ஒரு மனுவையும் நான் தவறவிட்டதில்லை. அதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

வீடு வந்தபிறகு எங்கள் கன்னடம் வீட்டுக்குள் இல்லை, இரைச்சலில்தான். சந்தை, திருவிழா, பஸ் ஸ்டாண்டு. கூட்டத்தில் என்னைக் காணவில்லையென்றால் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "ஊட்டா ஆய்த்தா?" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் திரும்பிவிடுவேன்.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். ஜெயிலில் கண்ணாடி போட்டு டெலிபோனில் பேச வைக்கிறார்களாம், செல்வி சொன்னாள். அவரும் போய்விட்டார். நான் இப்போது இருக்கிற மகன் வீட்டில் சத்தமே இல்லை, ஆளுக்கொரு செல்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மட்டும் அதே கூச்சல். யாராவது ஒருவர் போனில், "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டுக்கொண்டு போவார். எனக்கில்லை என்று தெரியும். திரும்பிப் பார்த்து, "ஆய்த்து" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் மத்திகிரி வண்டி ஏறுகிறேன்.